போர்க்காலக் கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?



சில வாரங்களுக்கு முன் கீரனூரில் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் தன் அத்தாவின் கைப்பேசியை என் முன் நீட்டினான். காஸாவில் இடிந்து கிடக்கும் ஒரு கட்டடம். புழுதிக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். அரை நிமிடம்கூட ஓடாத காட்சி. அது முடிந்ததும் அவன் விரல் தானாக நகர்ந்தது. அடுத்தது கிரிக்கெட், அதற்கடுத்தது ஒரு சிரிப்புத் துணுக்கு. பிறகு அவன் கேட்டான்: "மாமு, இதுல கடைசியா யாரு ஜெயிப்பாங்க?"

அந்தப் பையன் கல்நெஞ்சன் அல்லன். ஐவேளைத் தொழுகையை இயன்றவரை விடாதவன். காஸாவுக்காகத் துஆ கேட்கும்போது உண்மையிலேயே கண் கலங்குபவன். ஆயினும் போர் என்றதும் அவன் மனத்தில் எழும் முதல் வினா, ஆட்டத்தைப் பார்ப்பவன் கேட்கும் வினாவாக இருக்கிறது. குற்றம் அவனுடையதன்று. போரை அவனுக்கு நாம் அரை நிமிடத் துணுக்குகளாகவே காட்டியிருக்கிறோம். ஒரு மனிதன் போரின் நடுவே ஓராண்டு, ஈராண்டு எப்படி உண்டான், எப்படித் தொழுதான், யாரை இழந்தான், எதை மறைத்தான் என்பதை அவன் அறிய வழியேதும் செய்யவில்லை.

அதற்கான வழிகளுள் ஒன்று நல்ல போர்க்கால நாவல் என்பது என் கருத்து. நம் குடும்பங்களில் இதற்கு எதிர்ப்பு உண்டு என்பதை அறிவேன். அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. அதையும் சேர்த்தே இங்கே பேச விரும்புகிறேன்.

கட்டுக்கதை பொய்யல்லவா?

முதல் தடை இது. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவது பொய். பொய்யைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திருக்குர்ஆன் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அழகிய வரலாறு என்று அறிமுகப்படுத்துகிறது. அந்த அத்தியாயத்தின் நிறைவில், இது இட்டுக்கட்டப்பட்ட செய்தி அன்று என்றும் தெளிவுபடுத்துகிறது. இறைவேதம் கூறும் வரலாறு சத்தியம். நாவல் மனிதக் கற்பனை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஏமாற்றுவதற்காகச் சொல்லப்படும் பொய் வேறு. சொல்பவரும் கேட்பவரும் கற்பனை என்று அறிந்தே பகிர்ந்துகொள்ளும் கதை வேறு. நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். அரபு மதரஸாக்களின் பழைய பாடத்திட்டத்தில் 'மகாமாத்துல் ஹரீரி' இடம்பெற்றிருந்தது. ஊர் ஊராகச் சென்று பேச்சு வன்மையால் பிழைக்கும் ஒரு கற்பனை மனிதனின் கதைகளைத்தான் ஆலிம்கள் மொழிக்காக ஓதினார்கள், ஓதுவித்தார்கள். விலங்குகள் பேசும் 'கலீலா வ திம்னா'வை எட்டாம் நூற்றாண்டில் அரபியில் தந்தவர் இப்னுல் முகஃப்பஃ. தனித்தீவில் வளரும் மனிதனின் கதையாக 'ஹய் இப்னு யக்ழான்' நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு துஃபைல் என்னும் முஸ்லிம் தத்துவ அறிஞர்.

தமிழிலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளைத் தந்த சமுதாயம் இது. போரைப் பாடுவதற்கென்றே 'படைப்போர்' என்றொரு வகையை வளர்த்தவர்கள் நம் புலவர்கள். தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், எகிப்தைக் களமாகக் கொண்டு 'அசன்பே சரித்திரம்' எழுதினார் கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை. அவர் பொழுதுபோக்குக்காக எழுதியவர் அல்லர். வழக்கறிஞர், 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர், சமுதாயத்தின் கல்விக்காக உழைத்தவர். 1938இல் நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். இந்த மரபைக் கண்ட பிறகும், நாவல் நமக்கு அந்நியம் என்று சொல்வது நம் வரலாற்றையே மறப்பதாகும்.

நன்னாவின் டிரங்குப் பெட்டி

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. எங்கள் நன்னா பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டுகளைப் பற்றி எவர் கேட்டாலும், "அது ஒரு காலம்" என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹை உருட்டத் தொடங்கிவிடுவார். அவர் மௌத்தான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. ஜப்பானியர் மலேயாவை ஆண்ட காலத்தில் அச்சடித்த பணம் அது. ஜப்பான் சரணடைந்த அன்றே அது வெறும் காகிதமாகிவிட்டது. நன்னா ஏன் அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார், ஏன் எறியாமல் வைத்திருந்தார் என்பது எங்களில் எவருக்கும் தெரியவில்லை. கேட்பதற்கு அவரும் இல்லை.

பின்னர் கல்லூரி நாள்களில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' கைக்கு வந்தது. அன்றுதான் நன்னா வாழ்ந்த ஊருக்குள் முதன்முதலாக நுழைந்தேன். பினாங்கின் தெருக்கள், மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் இடையே நிலவும் மரியாதையும் புகைச்சலும், போர் வந்ததும் எல்லாம் தலைகீழாகிப் போன விதம் ஆகியவற்றை அந்தப் பக்கங்களில் கண்டேன். அது நன்னாவின் கதையன்று. ஆனால் அவருடைய மௌனத்தின் மறுபுறம் எப்படி இருந்திருக்கும் என்பதை அதுதான் எனக்குக் காட்டியது.

சிங்காரம் நமக்குத் தொலைவானவரல்லர், சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் பிழைப்புக்காகச் சுமத்ராவின் மெடானுக்குச் சென்று, போரை நேரில் கண்டு, 1946இல் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் நூலாயின.

குதிரை மேலிருந்தும் தரையிலிருந்தும்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திர நாவல் புதிதன்று. கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்ப்பதற்கு முன்பே கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாக அவ்வூரை அறிந்தவர்கள் பலர். அந்த நாவலின் சுவையை நான் குறை கூறவில்லை. ஆயினும் அத்தகைய கதைகளில் போர் பெரும்பாலும் குதிரை மேலிருந்து பார்க்கப்படுகிறது. அரசன் வெல்கிறான், கொடி பறக்கிறது, வீழ்ந்தவனின் வீட்டில் அன்றிரவு அடுப்பெரிந்ததா என்ற வினா எழுவதில்லை. நம்மவர்களிடையிலும் இதே குறை உண்டு. உருதுவில் நசீம் ஹிஜாஸி எழுதிய இஸ்லாமிய வரலாற்று நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அவையும் வீரத்தின் பெருமையைப் பேசுபவையே. அவற்றை மட்டுமே படிக்கும் பிள்ளை, போர் என்பது நம்மவர் வெல்வதற்கான வாய்ப்பு என்றே எண்ணிக்கொள்ளும்.

நான் பரிந்துரைப்பவை போரைத் தரையில் நின்று பார்ப்பவை. சயாம் மரண ரயிலை எண்ணிப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் காட்டை வெட்டி அமைத்தனர். அதற்காக மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிச் சென்றனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு அதைப் போலப் பல மடங்கு என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகளை இன்றும் பேணுகிறார்கள். தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள்தாம் அம்மனிதர்களுக்குத் தமிழில் எழும்பிய கற்கள். பர்மாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையை ஹெப்சிபா ஜேசுதாசன் 'மா-னீ'யில் எழுதினார்.

இவற்றைப் படிக்கும் பிள்ளைக்கு நம் மார்க்கம் கற்பித்த போர் நெறி வெறும் மனப்பாடமாக இராது. போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. முதியோரைக் கொல்லாதீர்கள், கனிதரும் மரத்தை வெட்டாதீர்கள் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் படைத்தலைவருக்கு அறிவுரை கூறினார்கள். ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்போரைத் திருமறையின் 76ஆம் அத்தியாயம் புகழ்கிறது. மக்தபில் இவற்றை ஓதிய பிள்ளை, காட்டு முகாமில் ஒரு பிடிச் சோற்றுக்காகக் காத்திருக்கும் மனிதனைக் கதையில் சந்திக்கும்போது, அந்த வசனம் ஏன் சிறைப்பட்டவரையும் சேர்த்துச் சொன்னது என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

இன்னொரு பயனும் உண்டு. இந்நாட்டின் விடுதலையில் உங்களுக்குப் பங்குண்டா என்று நம் பிள்ளைகள் பள்ளியிலும் இணையத்திலும் கேட்கப்படும் காலம் இது. நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்தவர் ஆபித் ஹசன். 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் என்று முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவரும் ஒன்றாகக் கூண்டில் நின்றனர். 1943இல் சிங்கப்பூரில் அமைந்த தற்காலிக அரசின் ஆலோசகர்களுள் ஒருவர் கரீம் கனி என்னும் தமிழ் முஸ்லிம். இந்தப் பெயர்களைப் பொதுஅறிவு வினாவுக்காக மனப்பாடம் செய்பவன் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். அந்தக் காலத்துக்குள் ஒரு நாவலின் கைபிடித்து நடந்தவன் அவ்வளவு எளிதில் மறக்கமாட்டான்.

அச்சங்கள் நியாயமானவையே

அந்த நாவல்களில் மதுவும் விலைமாதரும் வருகிறார்கள் என்பது அடுத்த தடை. இது உண்மை. 'புயலிலே ஒரு தோணி'யை நான் எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் கொடுக்கமாட்டேன். போரில் வேரறுந்த இளைஞர்கள் எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்பதை அந்நாவல் மறைக்காமல் சொல்கிறது. அதைப் பகுத்துணரும் வயது வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதில், நல்ல நட்பும் தொழுகையும் உள்ள பிள்ளை அதைப் படித்துக் கெட்டுப்போகும் என்று நான் நம்பவில்லை. அதே பிள்ளையின் கைப்பேசியில் தடையின்றி வந்து விழுபவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து நாம் கவலைப்படுவது நல்லது.

ஆகவே வயதறிந்து கொடுப்போம். பத்து, பதினொரு வயதுக்கு ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகியின் 'டோட்டோ-சான்' போதும். அது நாவலன்று, அவருடைய பள்ளிப் பருவ நினைவுகள். தமிழிலும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. நூல் முழுதும் மகிழ்ச்சியாக ஓடிய ரயில்பெட்டிப் பள்ளி இறுதியில் விமானக் குண்டுவீச்சில் எரிகிறது. போர் எதைப் பறிக்கிறது என்பது இரத்தமின்றியே அந்தச் சிறு நெஞ்சுக்குப் புரியும். நம்மவரை வதைத்த அதே நாட்டின் குழந்தைகளும் குண்டுக்கு இரையானார்கள் என்பதும் புரியும். பதினான்கு, பதினைந்து வயதில் 'கடலுக்கு அப்பால்' கொடுக்கலாம். படையில் சேர்ந்து திரும்பிய செல்லையாவுக்குத் தம் மகளை மணமுடிக்க முதலாளி மறுக்கும் கதை அது. சண்டை முடிந்த பிறகும் போர் ஒரு மனிதனின் வாழ்வை விடுவதில்லை என்பதை அதில் காணலாம். மரண ரயில் நாவல்களை அதற்கும் ஓராண்டு கழித்து, பெற்றோரும் உடன் படிக்கும் ஏற்பாட்டோடு கொடுக்கலாம்.

அரபுக் கல்லூரியில் ஓதும் பிள்ளைகளுக்கு ஃகஸ்ஸான் கனஃபானியைச் சொல்வேன். 1948இல் பன்னிரண்டு வயதில் பாலஸ்தீனத்திலிருந்து அகதியாக வெளியேறியவர்; 1972இல் பெய்ரூத்தில் கொல்லப்பட்டவர். 1963இல் அவர் எழுதிய 'ரிஜாலுன் ஃபிஷ்ஷம்ஸ்' என்னும் குறுநாவலில், வேலை தேடிக் குவைத்துக்குச் செல்லும் மூன்று பாலஸ்தீனர்கள் வெறுமையான தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடக்க முயல்கிறார்கள். சாவடி அலுவலர்களின் வீண்பேச்சால் தாமதம் நேர்கிறது. வெயிலில் மூவரும் மாண்டுபோகிறார்கள். அத்தாவையோ அண்ணனையோ வளைகுடாவுக்கு அனுப்பிவைத்த வீடுகளில் இந்தக் கதை வேறொரு நாட்டுக் கதையாகத் தோன்றாது.

இத்தகைய கதைகள் பிள்ளைகளின் உள்ளத்தில் வெறுப்பை மூட்டிவிடாதா என்ற அச்சமும் உண்டு. துணுக்குக் காட்சிதான் வெறுப்பை விரைந்து மூட்டும் என்பது என் அனுபவம். அதில் எதிரிக்கு முகமே இருப்பதில்லை. நல்ல நாவலில் கொடுமை செய்பவனும் மனிதனாக வருகிறான். நம்மவனும் தவறு செய்கிறான். நீதி வேண்டும் என்ற வேட்கை அதனால் குறையாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற திருமறையின் எச்சரிக்கை மனத்தில் பதிவதற்கு அது உதவும்.

கடைசித் தடை, நீட் தேர்வும் பொதுத்தேர்வும் இருக்கையில் இதற்கு நேரம் ஏது என்பது. இஷாவுக்குப் பின் இருபது நிமிடம், வாரத்தில் நான்கு நாள் என்றால் ஒரு நாவல் ஓரிரு மாதங்களில் முடியும். அந்த இருபது நிமிடத்தைக் கைப்பேசியிடமிருந்துதான் எடுக்கப்போகிறோம். பாடப் புத்தகத்திடமிருந்து அன்று.

செய்யக்கூடியவை

நூலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். அத்தாவோ அம்மாவோ அதே நூலைப் படியுங்கள். நிலப்படத்தை விரித்து மெடான் எங்கே, பினாங்கு எங்கே, ரங்கூன் எங்கே என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். 1941 டிசம்பரில் பினாங்கிலும் ரங்கூனிலும் குண்டு விழுந்தது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது என்ற செய்திகளைக் கதையோடு பொருத்திப் பார்க்கட்டும். எது வரலாறு, எது ஆசிரியரின் கற்பனை என்று பிரித்தறியும் பழக்கம் அப்படித்தான் வரும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கடினமானதன்று. நூல்களை விலைகொடுத்து வாங்க இயலாதவர்கள் நூலகத்தில் கேட்டுப் பெறலாம். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா போன்ற அரிய நூலகம் நம் மாவட்டத்திலேயே இருப்பது நம் பேறு. பள்ளிவாசல் நூலக அலமாரியில் மார்க்க நூல்களுக்குக் கீழே ஒரு தட்டு இத்தகைய நூல்களுக்கு ஒதுக்குவதையும் ஜமாஅத்தார் சிந்திக்க வேண்டுகிறேன்.

இன்னொன்றும் செய்யலாம். நாவலைப் படித்து முடித்த பிள்ளையை, போரைக் கண்ட பெரியவர் ஒருவரிடம் அனுப்புங்கள். பினாங்கையும் ரங்கூனையும் கண்டவர்கள் இன்று அநேகமாக நம்மிடையே இல்லை. ஆனால் 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த தமிழர்கள் பலர். பாலைவனம் வழியே அம்மான் வரை வந்து, ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பிய 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்களில் நம் உறவினர்களும் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுடன் உறவும் வணிகமும் கொண்ட குடும்பங்கள் தமிழகக் கரையில் உண்டு. அந்தப் பெரியவர்களும் நம் நன்னாவைப் போலவே, "அது ஒரு காலம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும்: "அன்னிக்கு எங்கே தூங்குனீங்க? தண்ணி யாரு கொடுத்தா? கூட வந்தவங்க எல்லாரும் வந்து சேர்ந்தாங்களா?" அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.

திண்ணையில் என்னிடம் கேட்ட பையனுக்கு அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் 'டோட்டோ-சான்' கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தைத் திரும்பவும் கட்டினார்களா என்று கேட்டான். யார் வென்றார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய வினாவுக்கு விடை சொல்லும் சாக்கில் நாங்கள் இருவரும் இஷா பாங்கு ஒலிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த நூலாகக் 'கடலுக்கு அப்பால்' எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டாண்டு போகட்டும்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களில் இரக்கத்தையும் நீதியுணர்வையும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. போரில் சிக்கித் தவிக்கும் மக்கள் அனைவருக்கும் அமைதியை அருள்வானாக. ஆமீன்.